லெப்பர்ட் கெக்கோவைக் கைக்குப் பழக்குவது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியில் வீட்டு வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி அண்மையில் வெளியான குறிப்பில், லெப்பர்ட் கெக்கோ எனப்படும் புள்ளிப் பல்லியை வாங்கி வந்த நாள் முதலே தினமும் அரைமணி நேரம் கையில் பிடித்து வைத்திருந்தால் அதன் பயம் தானாகவே தெளிந்துவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. நாய்க்குட்டி, பூனைக்குட்டி பற்றி அதே பக்கத்தில் வந்தவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒரு வரியை நம்பிச் செய்தால் பல்லி வாலை இழக்கும். பிள்ளையும் சில வாரங்களில் பல்லியின் மேலிருந்த ஆசையை இழந்துவிடும். ஸ்காபரோவில் பல ஆண்டுகளாக இந்தப் பல்லிகளை வளர்த்து வருபவள் என்ற முறையிலும், "கையை வைச்சாலே ஓடுது அன்ரி, வாலை ஆட்டுது, என்ன செய்யிறது?" என்று கேட்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவள் என்ற முறையிலும், இதைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன். அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட கல்நிலங்களே இந்தப் பல்லியின் சொந்த இடம். எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் இட்டார். ஊரில் நம் வீட்டுச் சுவரில் திரியும் பல்லிக்கும் இதற்கும் உறவு உண்டு என்றாலும் பழக்கவழக்கத்தில் இரண்டும் வெகு தூரம். சுவரில் ஒட்டிக்கொள்ளும் விரல் பட்டைகள் இதற்குக் கிடையாது. நகத்தை ஊன்றி நிலத்தில்தான் நடக்கும். கெக்கோ என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத இமைகள் இதற்கு உண்டு, ஆகையால் கண்ணை மூடித் தூங்கும். எனக்குத் தெரிந்த வீடொன்றில் பேரன் தொட்டியோடு வந்து இறங்கியதும், அம்மம்மா முதலில் கேட்ட கேள்வி, "தம்பி, இது எந்தப் பக்கத்தில விழுந்தா என்ன பலன் எண்டு பஞ்சாங்கத்தில போட்டிருக்கோ?" என்பதுதான். கண்ணாடியில் ஏறவே தெரியாத பல்லி எவர் தலையிலும் விழ வழியில்லை என்று சொன்ன பிறகே அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தார்.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, பழக்கும் முறை முழுவதும் இந்தப் பிராணியின் நிலத்து வாழ்க்கையிலிருந்தே பிறக்கிறது. பகலில் கல்லிடுக்கில் ஒடுங்கிக் கிடந்து, பொழுது சாயும்போதும் விடிவதற்கு முன்னும் வெளியே வந்து பூச்சி பிடிக்கும் சிறிய பிராணி இது. நன்றாக வளர்ந்தாலும் மூக்கிலிருந்து வால் நுனி வரை 20 முதல் 25 சென்டிமீட்டர்தான் இருக்கும். பருந்தும் ஆந்தையும் பாம்பும் நரியும் இதற்கு எமன். மேலிருந்து நிழலோடு இறங்கும் எதுவும் அதன் கண்ணுக்குக் கொல்ல வரும் பறவையே. தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, ஐந்து விரலையும் விரித்து, முதுகைக் குறிவைத்து இறங்கும் பிள்ளையின் கையும் அப்படித்தான் தெரியும். பக்கவாட்டில், தரையோடு தரையாக, உள்ளங்கை மேல்நோக்க மெதுவாக நகரும் கையைப் பார்த்து அது அந்த அளவுக்குக் கலவரப்படுவதில்லை. முன்பக்கமாகத் திறக்கும் தொட்டியை வாங்குவது பாதி வேலையைக் குறைத்துவிடும் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான்.

இனி அந்த அரைமணி நேரப் பிடிக்கு வருகிறேன். இறுகப் பிடித்து வைத்தால் பல்லி சில நிமிடத்தில் அடங்கிவிடும் என்பது உண்மை. குறிப்பை எழுதியவர் அதைப் பார்த்தே எழுதியிருக்கக்கூடும். அந்த அடக்கத்தைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. பிரம்போடு நிற்கும் வாத்தியாருக்கு முன் வகுப்பு அமைதியாக இருப்பதைப் போன்றது அது. அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: பயந்து உறைந்த பல்லியின் உடல் விறைத்திருக்கும், தொண்டை படபடவென்று அடிக்கும், கண் அகல விரிந்திருக்கும், நாக்கு வெளியே வராது. பயமில்லாத பல்லியோ கால்களைத் தளரவிட்டு, தலையை அங்குமிங்கும் திருப்பி, விரலையும் காற்றையும் ஓயாமல் நக்கிப் பார்க்கும். நாக்கில் ஒட்டும் வாசனையை வாய்க்கூரையில் உள்ள ஓர் உறுப்பால் ஆராய்ந்து, இது என்ன, யார் என்று கண்டுகொள்கிறது. நக்கும் பல்லி யோசிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

வாலாட்டத்திலும் இரண்டு வகை உண்டு. வாலை உயர்த்திப் பாம்பு நெளிவதுபோல் மெதுவாக அசைத்தால், "கிட்ட வராதே" என்று பொருள். வாலைக் காட்டித் தலையைக் காக்கும் தந்திரம் அது. அந்த நேரத்தில் கையை நகர்த்தாமல் அப்படியே வைத்திருக்கவோ, மெல்லப் பின்வாங்கவோ வேண்டும். வால் நுனி மட்டும் கிடுகிடுவென்று அதிர்ந்தால் எதிரே இரை இருக்கிறது என்ற ஆவல். ஆண் பல்லி பெண்ணைக் கண்டாலும் இப்படிச் செய்வதுண்டு. குட்டிகள் வாயைப் பிளந்து கீச்சென்று கத்தவும் செய்யும். கேட்பவருக்குச் சிரிப்பாக இருக்கும், குட்டிக்கு அது உயிர்ப் போராட்டம்.

இவ்வளவையும் பொருட்படுத்தாமல் பிடித்தால் கடைசி ஆயுதமாக வாலைக் கழற்றிவிடும். வால் எலும்புகளுக்குள் இதற்கென்றே பிளவுக் கோடுகள் அமைந்துள்ளன. தசைகள் அந்த இடத்தில் சுருங்கி வாலைத் துண்டிக்கும்போதே இரத்தக் குழாய்களும் இறுக மூடிக்கொள்வதால் இரத்தம் அதிகம் போகாது. கழன்ற வால் தரையில் கிடந்து நெளிவதோடு நில்லாமல் துள்ளவும் செய்யும். கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தனி ரசலும், அமெரிக்காவைச் சேர்ந்த திமோதி ஹையமும் 2009இல் இந்தப் பல்லியின் வாலையே ஆராய்ந்து, மூளையோடு தொடர்பு அறுந்த பிறகும் அது 3 சென்டிமீட்டர் உயரம் வரை குதிக்கிறது என்று காட்டினார்கள். நம் ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மத்தியூ விக்கரியஸ் குழுவினர், வாலோடு சேர்ந்து முதுகுத் தண்டும் மறுபடி வளர்வதற்குக் காரணமான உயிரணுக்களை 2017இல் இனங்கண்டனர். அறிவியலுக்கு அது பெரிய செய்தி. ஆனால் நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் பல்லிக்கு வால்தான் சேமிப்புப் பெட்டி. கொழுப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வாலைத் தொலைத்த பல்லி பல வாரச் சாப்பாட்டை ஒரே நொடியில் தொலைத்துவிடுகிறது. திரும்ப வளரும் வாலில் எலும்பு இராது, குருத்தெலும்புத் தண்டு ஒன்றுதான் இருக்கும். வடிவமும் பழையபடி ஒடுங்கி நீளாமல் கிழங்குபோல் பருத்திருக்கும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், வந்து போகும் மச்சான் மச்சாள் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லி வைக்க வேண்டும்.

பழக்கத் தொடங்குவதற்கு முன் தொட்டியைச் சரி பார்க்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பில் சொல்லப்படாமல் விடுபட்ட விஷயம். ஓடி ஒளியும் பல்லி என்று என்னிடம் சொல்லப்பட்டவற்றில் பல, ஒளிய இடமில்லாத பல்லிகளாகவே இருந்தன. ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் வெளியே வராது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு, ஓடிப் புக ஓர் இடம் அருகில் இருக்கிறது என்ற தைரியம் உள்ள பல்லிதான் வெளியே உலாவும். சூடான பக்கத்தில் ஒரு குகை, குளிர்ந்த பக்கத்தில் ஒரு குகை, ஈரப் பாசி போட்ட குகை ஒன்று எனக் குறைந்தது மூன்று வேண்டும். ஈரக் குகை தோல் உரிக்கும் காலத்துக்கு உதவும். சூடான பக்கத்தின் தரை 32 பாகை செல்சியஸ் அளவிலும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 பாகையிலும் இருக்கட்டும். சூட்டு விரிப்பை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் நேரடியாக மின்சாரத்தில் செருகுவது வயிற்றைச் சுட்டுவிடும். சனவரி மாதத்தில் செலவு மிச்சம் பார்த்து இரவில் வீட்டுச் சூட்டைக் குறைத்துவிட்டு, காலையில் பல்லி சோர்ந்து கிடக்கிறது, நன்றாகப் பழகிவிட்டது என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். குளிர்ந்த பல்லிக்கு ஓடத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

கொண்டுவந்த பிறகு இரண்டு வாரமாவது தண்ணீர் வைப்பது, பூச்சி போடுவது, கழிவை அகற்றுவது தவிர வேறெதற்கும் கையை உள்ளே விடாமல் இருப்பது நல்லது. ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்குவதே அது இடத்தை ஏற்றுக்கொண்டது என்பதற்கான முதல் அடையாளம். அதுவரைக்கும், நீங்கள் ஒரு நாள் முழுவதும் போட்டிருந்த பழைய பருத்திச் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளே வைத்தால் உங்கள் வாசனை அதற்குப் பழகும். அதன்பின் பொழுதுபட்ட நேரத்தில், விளக்கைக் குறைத்து, உள்ளங்கையைத் தொட்டியின் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடினமான பகுதி இந்தச் சும்மா இருப்பதுதான்.

எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இதைச் செய்த விதத்தை எழுதுகிறேன். இடது கையைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு வலது கையால் பாடசாலைக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பாள். குகை வாசலில் முதலில் மூக்கு தெரியும். பிறகு ஒரு கண். வெகு நேரம் கழித்து நான்கு எட்டு வைத்து வந்து, சுண்டு விரலை ஒருமுறை நக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போய்விடும். அவள் எழுதிக்கொண்டே இருப்பாள். இன்னொரு நாள் முன்காலை மட்டும் விரல் மேல் வைத்து, பாரம் கொடுத்துப் பார்த்து, எடுத்துவிட்டது. அந்தக் காலைப் பிடித்துவிட வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது, முகத்தில் தெரிந்தது. அவள் பிடிக்கவில்லை. மென்நுனி உள்ள இடுக்கியால் ஒரு மாவுப்புழுவை உள்ளங்கைக்கு அப்பால் நீட்டினாள். பல்லி கையைத் தாண்டி வந்து கவ்வியது. அடுத்தடுத்த முறைகளில் புழுவை உள்ளங்கைக்கு நேர் மேலே கொண்டுவந்தாள், பின்பு இடுக்கியே தேவைப்படவில்லை. நான்கு காலும் கையில் ஏறி நின்ற பிறகும் உடனே தூக்காமல், அது தானாக இறங்கும்வரை காத்திருந்தாள். ஏற நினைத்தால் ஏறலாம், இறங்க நினைத்தால் இறங்கலாம் என்ற இரண்டும் பல்லிக்குத் தெரிந்த பிறகுதான் அவள் கையை உயர்த்தினாள். இதற்குப் பல வாரங்கள் எடுத்தன. மெழுகுப் புழு கொடுத்தால் விரைவாக வரும் என்று அவளுடைய அண்ணன் சொன்னான். வரும், ஆனால் அது கொழுப்புப் பண்டம், அதற்குப் பழகினால் மற்றதைத் தொடாது.

வெளியே எடுக்கும்போது நிலத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் விழும் உயரம் அதிகம். ஒரு கையிலிருந்து நடந்து இறங்கும்போது மறு கையை முன்னால் வைத்து, அது ஏற ஏறக் கைகளை மாற்றிக்கொண்டே போனால், அடைக்கப்பட்ட எண்ணம் இல்லாமல் அதன் போக்கில் நடக்கும். முதலில் ஐந்து நிமிடம் போதும். வளர்ந்து பழகியதற்குக்கூடப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை, கை அதற்குத் தேவையான அளவு சூடானது அல்ல. தோல் வெளுத்து மங்கியிருந்தால் உரிக்கப் போகிறது என்று பொருள். அந்த நாட்களில் தொட வேண்டாம். சாப்பிட்ட உடனும், பகல் தூக்கத்திலும் எடுக்கக் கூடாது.

கை கழுவுவது பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன் கழுவுவது பல்லிக்காக, தொட்ட பின் கழுவுவது நமக்காக. கருவாடு பொரித்த கையோடும் பூச்சிப் பெட்டியைத் துழாவிய கையோடும் போனால் விரலை இரையென்று நினைத்துக் கவ்வும். மணமில்லாத சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போவது உத்தமம். கவ்வினாலும் பெரும்பாலும் ஒரு கிள்ளு அளவுக்குத்தான் இருக்கும். கையை வெடுக்கென்று இழுக்காமல் தரையில் வைத்தபடி இருந்தால் தானே விட்டுவிடும். இழுத்தால் பல்லியின் பல்லும் தாடையும் காயப்படும், கடித்தால் கை விலகிப் போகும் என்று அது கற்றும் கொள்ளும். ஊர்வன, நோய் ஏதும் இல்லாதபோதும் சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம் என்பதால், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இவற்றைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். தொட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் குசினித் தொட்டியில் கழுவுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இத்தனையும் செய்தும் சில பல்லிகள் இணங்குவதில்லை. குணத்தின் ஒரு பகுதி முட்டையிலேயே அமைந்துவிடுகிறது. முட்டை அடைவைக்கப்படும் வெப்பமே இந்தப் பல்லி ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்கிறது: 26 பாகையில் ஏறக்குறைய எல்லாம் பெண், 32.5 பாகையில் பெரும்பாலும் ஆண். அந்த உயர்ந்த வெப்பத்தில் பிறக்கும் சில பெண்கள், குறைந்த வெப்பத்தில் பிறந்த பெண்களைவிட அதிகம் சண்டையிடுபவை என்பதை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸும் அவருடைய குழுவினரும் 1990களில் கண்டறிந்தார்கள். நிறத்துக்காக இனங்கலந்து பெருக்கப்பட்டவற்றில் வேறு சிக்கல்கள் உண்டு. எனிக்மா என்ற வகையில் தலை சாய்வதும் வட்டமாகச் சுற்றுவதும் நரம்புக் கோளாறு. அதைப் பயம் என்று நினைத்துப் பழக்கப் பார்ப்பது வீண். நிறமி குறைந்த அல்பினோ வகைகளுக்கு வெளிச்சம் கூசும், கையைவிட மேலே எரியும் விளக்கைக் கண்டே அவை ஒளிகின்றன. பெரிய தொட்டியும் நல்ல குகைகளும் கொடுத்துப் பார்த்து மகிழ வேண்டிய பல்லிகளும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர் எதிலும் குறைந்துபோகவில்லை.

வேறு கெக்கோக்களுக்கு இதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேர்க்கிறேன். கடைகளில் இப்போது அதிகம் காணப்படும் கிரெஸ்டட் கெக்கோ, அழிந்துவிட்டதென்று கருதப்பட்டு 1994இல் நியூ கலிடோனியாவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட மரவாசி. அது நடக்கும் முன் பாயும். வால் போனால் திரும்ப முளைக்கவே முளைக்காது. டொக்கே கெக்கோ கவ்வினால் லேசில் விடாது, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நல்ல கவனிப்பில் லெப்பர்ட் கெக்கோ 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பத்து வயதில் வாங்கித் தரச் சொல்லிக் கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் போன பின்பும் பல்லி வீட்டில் இருக்கும், அதற்குப் பூச்சி போடுவது அம்மாவாகத்தான் இருப்பார். திடீரென்று ஒளியத் தொடங்குவதும், சாப்பாட்டை மறுப்பதும், வால் மெலிவதும் நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். எல்லா மிருக வைத்தியர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. நத்தார் பரிசாக வாங்க நினைக்கும் பெற்றோர், கடைக்குப் போவதற்கு முன் தங்கள் பகுதியில் ஊர்வனவற்றைப் பார்க்கும் வைத்தியர் யார், ஒரு முறை பார்க்கக் கட்டணம் எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அத்தகைய வைத்தியர்களின் பட்டியல் ஒன்றைத் தங்கள் பத்திரிகை திரட்டி வெளியிட முன்வந்தால், எனக்குத் தெரிந்த விவரங்களை அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ